வத்தல் வாரம்

கையைத் தொங்கவிட்டால் போதும், மழைக்கோட்டின் முழங்கையில் தேங்கிய வியர்வை மணிக்கட்டு வழியாகக் கொடகொடவென்று இறங்கியது. மாசி மாத விடியல். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கீழக்குயில்குடிச் சாலையில் மட்டும் பன்னிரண்டு தடியர்கள், கழுத்துவரை பொத்தான் போட்ட பிளாஸ்டிக் கோட்டோடு, சமணர் மலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே வந்த பால்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னப்பா, அந்தப் பக்கம் மழையா?"

"ஆமாண்ணே. உள்ளுக்குள்ள மட்டும் ஊத்துது!" என்றான் கருத்தக்கண்ணன், ஓட்டத்தை நிறுத்தாமல்.

சிரிக்கத் தெம்பு இருந்தவர்கள் சிரித்தார்கள். சோணைமுத்து சிரிக்கவில்லை. அவன் உதட்டில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

கம்பிக் கம்பெனியின் கபடி அணி அது. சில வருஷங்களுக்கு முன்புவரை மேல் எடைப் பிரிவில்தான் இறங்கியது. அந்தப் பிரிவில் வடக்கத்தி அணிகளிடம் மூன்று முறை தோற்றதும் முதலாளி குருபிரசாத்துக்கு ஒரு யோசனை உதித்தது. கீழ்ப் பிரிவில் இறங்கினால் கோப்பை சுலபம், டிவியிலும் காட்டுவார்கள். ஆட்டக்காரர்களின் எடை? அதைக் குறைத்துக்கொள்ள வேண்டியது ஆட்டக்காரர்களின் வேலை. சோறு இல்லை, உப்பு இல்லை, கடைசி இரண்டு நாள் தண்ணீரும் இல்லை. வெயிலுக்கு முன்னால் மழைக்கோட்டில் ஓட்டம், வெயில் வந்ததும் ஜன்னலை அடைத்த அறையில் தண்டால். எடை மேடையில் ஏறி இறங்கிவிட்டால் அப்புறம் குடிக்கலாம், தின்னலாம், விளையாடலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் வத்தல் போடுவது.

"மாப்ள, நீ சுண்டவத்தலா, மோர்மொளகாயா?" என்று போகிற போக்கில் ஷாநவாஸின் முதுகில் தட்டினான் கண்ணன்.

ஷாநவாஸ் அணித்தலைவன், பாடிப் போகிறவன். மகபூப்பாளையத்துக்காரன். பிறவியிலேயே ஒல்லி, அவனுக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. மற்றவர்கள் காயும்போது தான் மட்டும் குடிப்பதா என்று கூட ஓடுகிறவன்.

"நோம்பு வச்சா சாயங்காலம் கஞ்சியாவது உண்டு. இது என்னா நோம்புடா, யாருக்காக வக்கிறோம்னே தெரியல" என்றான்.

"தெரியும்ல. பின்னாடி பாரு!"

பின்னால் பைக்கில் மேலாளர் பத்ரி உருட்டிக்கொண்டு வந்தான். அவனும் ஒரு காலத்தில் இதே அணியில் ஓடியவன்தான். இப்போது விசில் அவன் கழுத்தில்.

வத்தல் வாரத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. காவல். கபடியில் தடுக்கும் பக்கம், ஓரத்தில் நிற்கும் கார்னரும் அவனை அடுத்த கவரும் கைகோத்து நிற்கும் ஜோடி. ஒருவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தால் மற்றவன் இடுப்பில் விழுவான். அதே ஜோடிதான் இந்த வாரத்தில் ஒருவனுக்கொருவன் காவல். கூட்டாளி திருட்டுத்தனமாக ஒரு வாய் குடித்தான் என்றால் அவமானம் காவலாளிக்கு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி சொல்லவே தேவையில்லாமல் அவர்களே செய்துகொண்டார்கள்.

சோணைமுத்து இடது கார்னர். கண்ணன் அவன் கைபிடித்து நிற்கும் கவர்.

இடது கார்னர் என்றால் சும்மா இல்லை. இந்த ஊர்ச் செம்மண்ணில், பொங்கல் கபடியில் ஆட்டுக்கிடாயும் பித்தளை அண்டாவும் ஜெயித்த பயல் சோணை. கணுக்கால் பிடியில் அவன் விரல் விழுந்தால் வந்தவன் கோட்டைத் தொட்டதாகச் சரித்திரமில்லை. குருபிரசாத்தின் அப்பா அவனைப் பார்த்துவிட்டு ஆனையூரில் கம்பெனியின் கம்பி அடுக்கும் கிட்டங்கியில் வேலை போட்டுக் கொடுத்தார். மகன் வந்ததும் அந்த வேலை வருஷக் கான்டிராக்டாகச் சுருங்கியது. ஆட்டம் இல்லாத மாதங்களில் லாரியிலிருந்து கம்பிக்கட்டு இறக்க வேண்டும், அதுவும் பாதிச் சம்பளத்துக்கு. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. தோள்பட்டை கழன்று புத்தூர்க் கட்டுப் போட்டது இரண்டு தடவை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாளை தொடங்கும் இந்த லீக்கில் நின்று காட்டினால்தான் அடுத்த வருஷக் கான்டிராக்ட்.

மலையடிவாரத்தில் தாமரைக் குளம். அதை ஒட்டி அய்யனார் கோவில். கோவில் வாசலில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

சோணைமுத்து நின்றுவிட்டான்.

"ஒரு மடக்குடா கண்ணா. நாக்கு மட்டும் நனையட்டும்."

கண்ணன் ஓடிவந்து குழாயை இறுக்கி மூடினான். மூடிய கையை எடுக்கவுமில்லை.

"நாளைக்குக் காலைல மேடைய விட்டு எறங்குன நிமிசம் நானே ஊத்துறேண்ணே. கொடம் கொடமா ஊத்துறேன். இப்ப வேணாம்."

"தலை சுத்துதுடா."

"எனக்குந்தான் சுத்துது. போன தடவ நான் சொம்பத் தூக்குனப்ப தட்டிவிட்டது யாரு? நீதான? வா, இன்னும் ஒரே ஒரு சுத்து."

சோணை தன் கையைக் குழாயின்மேல் வைத்தான். கண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். எத்தனையோ ஆட்டங்களில் பிடித்த மணிக்கட்டு. அன்றைக்கு அதில் ஈரமே இல்லை. வியர்வை நின்றுபோயிருந்தது. கண்ணன் அதைக் கவனித்தான், ஆனால் அர்த்தம் புரியவில்லை.

"நல்லாத்தான் காவக் காக்குற" என்று சோணை சிரிக்கப் பார்த்தான். பிறகு ஓடினான்.

குளக்கரை திரும்பும் இடத்தில் அவன் முழங்கால் மடங்கியது. பாய்ந்து பிடிக்கிற விளையாட்டு என்றே முதலில் நினைத்தார்கள். முகம் மண்ணில் போய் மோதிய சத்தம் கேட்ட பிறகுதான் பத்ரியின் பைக் நின்றது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"சிறுநீர் கடுங்காப்பி மாதிரி வருது. தசை கரைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. டயாலிசிஸ் பண்ணியாகணும். எத்தனை தடவைன்னு இப்பச் சொல்ல முடியாது. ஏங்க, தண்ணியே குடுக்காமலா ஓடவிட்டீங்க?"

டாக்டரம்மா மேஜையிலிருந்த டம்ளரை எடுத்துக் காட்டினார்.

"இனிமே அவருக்குத் தண்ணியே அளந்துதான். கிட்னி முழிக்கிறவரைக்கும் ஒரு நாளைக்கு இந்த ஒரு டம்ளர்தான். அதுக்கு மேல ஒரு சொட்டு குடுத்தாலும் மூச்சு முட்டும்."

முன்பு குடிக்கக் கூடாதென்று தடுத்தார்கள். இப்போது குடிக்க முடியாதென்று ஆகிவிட்டது. கண்ணன் சுவரில் சாய்ந்தான்.

சோணையின் மனைவி முத்துச்செல்வி வராந்தாவில் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"கம்பெனில இருந்து யாரு வந்தா தம்பி?"

"வருவாங்க மதினி."

"நீங்கதான பக்கத்துல ஓடுனீங்க? அவரு பசி பொறுப்பாரு, தாகம் பொறுக்க மாட்டாரு. தண்ணி கேட்டிருப்பாரே?"

கண்ணன் பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

"கேட்டாரு மதினி. நான்தான் குடுக்கல."

அவள் அவனையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். "சரி. இப்பவாச்சும் எதாச்சும் செய்யிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆனையூர் கிட்டங்கி. கிரேனிலிருந்து கம்பிக்கட்டு விழும்போதெல்லாம் முதலாளி அறையின் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மேஜைமேல் முளைக்கட்டிய பயறும் ஒரு பாட்டில் இளநீரும்.

"சோணைமுத்து விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்" என்றார் குருபிரசாத். "ஆனா நம்ம பயிற்சி நேரம் காலை எட்டு மணிதானே? விடியக்காலையில தன்னிஷ்டத்துக்கு ஓடப் போனா கம்பெனி என்ன செய்யும்?"

"தன்னிஷ்டமா?" கண்ணனின் குரல் உயர்ந்தது. "அந்த மழக்கோட்டு யாரு குடுத்தா சார்? முதுகுல கம்பெனி பேரு போட்டிருக்கு."

"விளம்பரத்துக்குக் குடுத்தது தம்பி. மழையில நனையாம இருக்க."

"மாசி மாசத்துலயா?"

"சார், பத்ரி அண்ணன் பின்னாடியேதான் வந்தாரு" என்றான் ஷாநவாஸ்.

"அப்படியா பத்ரி?"

பத்ரி தரையைப் பார்த்தான். "நான்... வாக்கிங் போனேன் சார்."

"பைக்குலயா வாக்கிங்கு!" கண்ணன் கத்தியே விட்டான்.

குருபிரசாத் கையை உயர்த்தினார். "இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல சார். கம்பெனி பயிற்சியிலதான் விழுந்தாருன்னு எல்லாரும் கேக்க ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னா அவரு வைத்தியம் கம்பெனி பொறுப்பாயிரும். அவ்வளவுதான்."

"அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா நாளைக்கு மீதிப் பேரும் படுத்துக்குவீங்க. வாசல்ல போய்ப் பாரு கண்ணா, உன் இடத்துக்கு எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு. நாளைக்கு எடை. இன்னிக்கு யாரும் தண்ணி தொடக் கூடாது. உன் ஜோடிக்கு ஆளில்லைல? பத்ரி, நீயே இவனுக்குக் காவல்." பிறகு குரல் இறங்கியது. "ஷாநவாஸ், நீ மட்டும் இரு."

மற்றவர்கள் வெளியே வந்து கம்பிக் குவியல்மேல் உட்கார்ந்தார்கள். பகல் பூராவும் வெயில் குடித்த கம்பி, சாயங்காலத்திலும் தொடையைச் சுட்டது.

"கம்பெனி கேட்டுக்கு முன்னாடி உக்காருவமா?"

"உக்காந்தா? கபடிக்காரப் பயலுக பயிற்சி எடுக்கிறானுகன்னு தாண்டிப் போயிருவாங்க."

"கம்பி எறக்க மாட்டோம்னு சொல்லுவோம்."

"வேற ஆளு எறக்குவான். லாரிக்கு நம்ம மொகரையா வேணும்?"

"போலீசுல சொன்னா?"

"சொல்லு. அவருதான் இஷ்டத்துக்கு ஓடுனாராம்ல."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒருவன் காலால் கம்பியை உதைத்தான். கால்தான் வலித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஒட்ட, சண்டையும் தங்களுக்குள்ளேயே திரும்பியது.

"நீ அந்தக் கொழாய மூடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான் ஒருவன்.

"சொல்லி முடிடா. மூடுனது நான்தான். உங்க ஜோடி கேட்டிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? தொறந்தா விட்டிருப்பீங்க?" கண்ணன் எழுந்து நின்றான். "நம்மள மொதலாளி காவக் காக்கலடா. நம்மள நாமளே காத்துக் குடுத்தோம். சம்பளமில்லாத வாச்மேன் வேல!"



கண்ணாடிக் கதவு திறந்தது. ஷாநவாஸ் வந்தான்.

"என்னா சொன்னாரு?"

"பெரிய லீக்ல எனக்குப் பேசியிருக்காராம். நாளைக்கு ஒழுங்கா வெளையாடச் சொன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

ஷாநவாஸ் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "வாரேன்டா" என்றான். போய்விட்டான்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து உள்ளரங்கம். வாசலிலிருந்து கபடி மேட் வரைக்கும் குருபிரசாத்தின் சிரித்த முகம் பேனர் பேனராக. மூலையில் சிவப்பு விரிப்புப் போட்ட மேடை, அதன்மேல் எடை எந்திரம். டிவிக்காரர்கள் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எதிரணி கோவில்பட்டிக்காரர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். அவர்கள் உதடுகளிலும் அதே வெள்ளைப் பொருக்கு. ஒருவன் கண்ணை மூடிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தான்.

கண்ணனை ஒட்டி உரசிக்கொண்டு பத்ரி.

"முதல்ல யாரு? ஏறுங்க!" என்றார் நடுவர்.

கண்ணன் வரிசையை விட்டு விலகினான். நடுவர்களுக்காக ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர் கேனை நோக்கி நடந்தான். அவசரப்படவில்லை. டம்ளரை எடுத்தான். குழாயைத் திருகினான். தண்ணீர் விழும் சத்தம் அந்த அரங்கத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் கேட்டது. தலைகள் திரும்பின.

பத்ரி பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கண்ணா, பைத்தியமா உனக்கு? மேடைக்கு இன்னும் ரெண்டு அடிதான்டா."

"விடுண்ணே."

"எடை கூடிரும். உன் பொழப்புப் போயிரும்."

"நேத்து இதே மாதிரி ஒரு கையத்தான் நான் பிடிச்சேன். அந்தக் கையில இப்ப ஊசி ஏறுது." கண்ணன் அவன் கண்ணைப் பார்த்தான். "நீயும் ஓடுனவன்தான? நீயும் கேட்டிருப்பேல்ல, ஒரு மடக்கு?"

பத்ரியின் விரல்கள் இறுகின. ஒரு நிமிடம் இறுகியே இருந்தன. பிறகு அவனே ஆச்சரியப்படுகிற மாதிரி தளர்ந்தன.

கண்ணன் குடித்தான். தண்ணீர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கண்ணில் நீர் வந்தது, அதுவரை அதற்குக்கூட உடம்பில் ஈரமில்லை. காலி டம்ளரை நிரப்பித் திரும்பி நீட்டினான்.

யாரும் வரவில்லை.

முடிந்தது என்று நினைத்தான். அப்போது நேற்று அவனோடு சண்டை போட்ட அதே ஆள், வலது கார்னர், வரிசையை உடைத்துக்கொண்டு வந்து டம்ளரை வாங்கினான். "சாவுறதுன்னா குடிச்சிட்டுச் சாவோம்டா" என்று ஒரே மூச்சில் குடித்து, அடுத்தவனுக்கு நிரப்பினான். அதன் பிறகு டம்ளர் போதவில்லை. உள்ளங்கையைக் குவித்துக் குழாயடியில் பிடித்தார்கள்.

குருபிரசாத் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன இது? என்னடா இது? இப்ப எல்லாரும் எடை கூடிருவீங்களேடா!"

"ஆமா சார். ஒழுங்கா தண்ணி குடிச்ச மனுசன் எடை."

"கான்டிராக்ட் எல்லாம் கேன்சல். குடிச்ச பயலுக எல்லாம் வெளியே! ஷாநவாஸ், நீ ஏறு. நீ குடிச்சாலும் எடைக்குள்ளதான் இருப்பே. ஏறுப்பா!"

கேமரா திரும்பியது. ஷாநவாஸ் எடை மேடைக்குப் போனான்.

ஷாநவாஸ் சிவப்பு விரிப்பில் கால் வைத்தான். எந்திரத்தைப் பார்த்தான். அப்புறம் அதற்குப் பக்கத்தில், மேடையின் ஓரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"சார் சொல்றது சரிதான். நான் எம்புட்டு குடிச்சாலும் எடை ஏறாது" என்றான். "அதே மாதிரி நானும் இதுல ஏற மாட்டேன். சோணை அண்ணன் கம்பெனி பயிற்சியிலதான் விழுந்தாருன்னு அந்த மைக்குல சொல்லுங்க. சொல்லிட்டு மேல் பிரிவுல விடுங்க, வெளையாடுறோம்."

"உனக்காக நான் பேசி வச்சிருக்கேன்டா!"

"அந்த லீக்லயும் இடது கார்னர்னு ஒருத்தன் வேணும்ல சார்? நான் ஒத்தையாளா கபடி ஆட முடியாது."

"போங்கடா! ஆட்டம் கோவில்பட்டிக்கு வாக்கோவர்!" குருபிரசாத் நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எழுதிக்கோங்க சார். இவனுக தோத்தானுக!"

நடுவர் கோவில்பட்டி அணியைப் பார்த்தார். அவர்கள் ஏறினால் போதும். ஆட்டமில்லாமலே வெற்றி.

சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தவன் தலையை நிமிர்த்தினான். நெடுநெடுவென்ற ஆள், அவர்களுடைய தலைவன்.

"யாரு விழுந்தது? இடது கார்னர் சோணை அண்ணாச்சியா? கணுக்கால் பிடி சோணையா?"

"ஆமா" என்றான் கண்ணன்.

"எங்கூர்ல என் காலப் பிடிச்சுக் கவுத்துட்டு, அப்புறம் தூக்கி ஒக்காரவச்சு காலுக்குத் தைலம் தேச்ச மனுசன்லா அவரு." அவன் நாக்கால் உதட்டை நனைக்கப் பார்த்தான், நனைக்க நாக்கிலும் ஒன்றுமில்லை. தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். ஒருவன் வேண்டாமென்று தலையசைத்தான். இன்னொருவன் தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த டம்ளர இங்க தா" என்றான் தலைவன்.

நிர்வாகிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். குருபிரசாத் யார் யாருக்கோ போன் போட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். தண்ணீர் குடித்ததற்கு என்ன பிரிவில் வழக்குப் போடுவது? மைக் யாரும் தொடாமல் நின்றது. அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

பச்சைக் கபடி மேட் விரிப்பின் நடுவில் இரண்டு அணியும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எந்திரம் மேடையில் தனியாக, பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பத்ரி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அலைந்தான். பிறகு வந்து கடைசி ஆளாக உட்கார்ந்தான்.

"அந்த மைக்க எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. பைக்குல வந்தது நான்தான்னு நான் சொல்றேன்" என்றான் மெதுவாக.

கண்ணன் அவனுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். போனை எடுத்து முத்துச்செல்வியை அழைத்தான். அவள் அதைச் சோணையின் காதில் வைத்தாள்.

"அண்ணே... எப்டிண்ணே இருக்க?"

மூச்சுதான் முதலில் கேட்டது. பிறகு குரல், பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி.

"எடை போட்டாச்சாடா?"

"யாரும் ஏறலண்ணே. தண்ணி குடிச்சிட்டோம். எல்லாருமே. கோவில்பட்டிக்காரங்களும்."

கண்ணன் போனைக் காதோடு அழுத்தினான்.

"கண்ணா."

"சொல்லுண்ணே."

"எனக்கு இன்னிக்கு ஒரு டம்ளர்தானாம். குடிச்சு முடிச்சிட்டேன்." சோணைமுத்து சிரிக்கப் பார்ப்பது தெரிந்தது. "எனக்கும் சேத்துக் குடிங்கடா."

கண்ணன் எழுந்து கேனிடம் போனான். கேன் காலி. வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தான்.

"இன்னொரு கேன் கொண்டு வாங்கப்பா. இங்க நெறையப் பேரு இருக்கோம்!"